பழைய வண்டியும் இளைய தலைமுறையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)





இம்மேடையில் சமயம், இலக்கியம், சமூக சேவை என்னும் பெரும் பொருள்கள் பற்றி எம்மிலும் மிக்க அறிஞர் பலர் பேசியுள்ளனர். நாமோ கறள் பிடித்த ஒரு பிக்கப் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சங்கக் கூட்டத்துக்கு ஏற்ற பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். தந்தைக்கும் மகனுக்கும் இடையே கைமாற வேண்டிய செல்வங்களில் காணியும் வீடும் மட்டுமன்றிக் கைத்திறனும் ஒன்று என்பதையும், அச்செல்வம் நம் காலத்தில் எவர் கண்ணிலும் படாமல் அழிந்து வருகிறது என்பதையும் எடுத்துக்காட்டவே இதனைத் தெரிந்தெடுத்தோம். கேட்டபின் பொருத்தமா இல்லையா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

முதலில் வண்டியை அறிமுகஞ் செய்வோம். அது 1959ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் பிக்கப். மொறிஸ் மைனர் கார் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் உலகத்தின் பார்வைக்கு வந்தது. பொருள் ஏற்றும் வகைகளான வானும் பிக்கப்பும் 1953இல் வந்தன. காருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். பிக்கப்புக்கோ பாரந் தாங்கும்பொருட்டுக் கீழே தனிச் சட்டகம் உண்டு. எமது வண்டியின் காலத்தில் அது ஏற்றக்கூடிய பாரம் ஐந்து அந்தர், அதாவது 560 இறாத்தல், என விதிக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தின் கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றர். இக்காலத்து மோட்டார்ச் சைக்கிள்கள் சிலவற்றின் இயந்திரம் இதனிலும் பெரிது. எனினும் இந்தச் சிறிய இயந்திரம் நம் மலைநாட்டு ஏற்றங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. 1971இல் இங்கிலாந்தில் உற்பத்தி முடிவுறுவதற்குள் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர் வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன.

இதனை வகுத்தவர் அலெக் இஸிகோனிஸ் என்பவர். அவருடைய வரலாறு நம்மவர் அறிய வேண்டியது. அவர் 1906ஆம் ஆண்டு சிமிர்னா நகரிலே பிறந்தார். மிஷன் பாடசாலையில் பயின்றோர்க்கு வேதாகமத்தின் வாயிலாக அப்பெயர் பழக்கமானது. இன்று துருக்கியிலுள்ள இஸ்மீர் என்னும் பட்டினமே அது. அவருடைய தந்தையார் அங்கே கப்பல் இயந்திர வேலைத்தலம் ஒன்றை நடத்தினார். இயந்திரங்களைச் சிறுவன் முதலிற் கண்டது அங்கேதான். 1922இல் யுத்தத்தினால் அக்குடும்பம் யாவற்றையும் விட்டு மோல்ற்றாத் தீவுக்கு அகதிகளாக ஓடிற்று. தந்தையார் அங்கேயே இறந்தார். தாயும் மகனும் இங்கிலாந்து சேர்ந்தனர். அங்கே கணித பாடத்தில் மும்முறை தவறிய அந்த மகனே பின்னர் மைனரையும், 1959இல் மினி என்னும் சிறு காரையும் உலகுக்கு அளித்தார். வேலைத்தலம் போயிற்று, வீடு போயிற்று, தந்தையும் போயினார். ஆயினும் தந்தையின் பக்கத்தில் நின்று பார்த்த பார்வை மட்டும் அவரிடமிருந்து போகவில்லை. இடம்பெயர்தலை அறிந்த நம் சமூகத்துக்கு இதனை விரித்துக் கூறத் தேவையில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. மைனரின் முன்மூடியின் நடுவே நீளவாக்கில் ஒரு தட்டையான பட்டை ஓடுவதைக் காணலாம். அது அலங்காரத்துக்காக வந்ததன்று. மாதிரி வண்டி முடிந்த பிறகு அதன் அகலம் போதாதென்று கண்ட இஸிகோனிஸ், அதனை நெடுக இரண்டாகப் பிளந்து, நடுவே நான்கு அங்குலம் சேர்க்கச் செய்தார். அந்த நான்கு அங்குலத்தின் தழும்பே அப்பட்டை. மொறிஸ் தொழிற்சாலையின் அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கோ இவ்வண்டி சிறிதும் பிடிக்கவில்லை. நீரில் உடைத்து அவித்த முட்டைக்கு ஒப்பிட்டு நகையாடினார். பின்னாளில் அந்த முட்டைதான் அவருடைய கொம்பனிக்குப் பொன் முட்டையாயிற்று.

இனி, இப்படிப்பட்ட பழைய வண்டிகள் இலங்கையில் இத்தனை காலம் ஓடியதன் காரணத்தைப் பார்ப்போம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. மோட்டார் இறக்குமதி இறுகியது. 1970 முதல் 1977 வரையில் அது முற்றாகவே அடைபட்டது எனலாம். புதிய வண்டி இல்லை. புதிய உதிரிப்பாகமும் இல்லை. இருந்ததை வைத்துக்கொண்டு ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே நம் நாட்டுக் கம்மாளரும் மெக்கானிக்குகளும் தகரத்தைத் தட்டிக் கதவு செய்தார்கள்; வார்ப்பு வார்த்தார்கள்; கடைசல் பிடித்தார்கள். கொழும்பிலே பஞ்சிகாவத்தை என்னும் தெருவே பழைய உதிரிப்பாகங்களின் களஞ்சியமாயிற்று. வறுமை ஒரு கல்லூரி நடத்தியது. அதிலே பட்டம் பெற்றவர்களுக்குச் சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை.

அந்தக் கல்லூரியின் பெருமையை நாம் உணருமுன் அந்நியர் உணர்ந்தனர். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், ஒரு காரை எறிந்து எறிந்து புதிது வாங்குவதைவிட ஒன்றையே காலமெல்லாம் பேணுவதே சிக்கனம் என்று வாதித்து 1982இல் ஒரு நூல் எழுதினார். பின்னர் அவர் இலங்கைக்கு வந்து, தனபால சமரசேகர என்பவருடன் சேர்ந்து, மைனருக்கான உடற்பாகங்களை இங்கேயே செய்விக்கும் தொழில் ஒன்றைத் தொடக்கினார். நம் நாட்டுக் கைகள் தட்டிய தகடுகள் கப்பலேறி, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே சென்றன. பிள்ளையின் மருந்து தாய்வீட்டுக்குப் போனது போல!

இப்பொழுது எமது வீட்டு வண்டிக்கு வருவோம். அதனை எமது பாட்டனார் 1964இல் இரண்டாங் கையாக வாங்கினார். மாரசன, ஹங்குராங்கெத்தைப் பக்கங்களிலிருந்து மரக்கறி ஏற்றிக் கண்டிச் சந்தையில் இறக்குவது அவர் தொழில். அதிகாலை மூன்று மணிக்கு வண்டி புறப்படும். ஐந்து அந்தர் என்பது புத்தகத்தில் உள்ள கணக்கு. கோவாவும் கரட்டும் மூடைமூடையாக ஏறும்போது அந்தக் கணக்கை எவரும் கேட்டதில்லை என்பர்.

அவ்வண்டியின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருக்கிறது. 1957இல் அவ்வெழுத்து வாகனங்களுக்கு விதிக்கப்பட்டதும், அதனை எதிர்த்து எழுந்த இயக்கமும், அதற்கு எதிராகத் தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டதும், 1958இன் கலவரமும் பெரியோர் அறிந்தவையே. தகட்டைப் புதுப்பிக்கும்போது அந்த எழுத்தை அப்படியே வைத்தோம். சரித்திரத்தைச் சுரண்டி எறிவது வண்டியைத் திருத்துவதாகாது.

1983 யூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது, அயலிலே குடியிருந்த சிங்களப் பெரியவர் ஒருவர் எமது பாட்டனார் கேளாமலே வண்டியைத் தம்முடைய மாட்டுத் தொழுவத்துக்குள் தள்ளி, மேலே வைக்கோலைப் போட்டு மூடினார். ஒன்பது நாட்கள் அது அங்கே கிடந்தது. கேட்க வந்தவர்களுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதைக் கடைசி வரை அவர் கூறவில்லையாம். எம் தந்தையாருக்கு அப்பொழுது வயது 17. அவ்வாண்டின் பின் அவருடைய படிப்பு நின்றது; ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். பாட்டனார் 1996இல் காலமானார். அன்று முதல் வண்டி கட்டுகஸ்தோட்டையில் எமது வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில் நின்றது. தந்தையார் 30 ஆண்டுகளுக்கு மேலாக ஊரார் வண்டிகளைத் திருத்தினார். தம்முடைய வண்டியைத் தொடுவதற்கு அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை.

2022ஆம் ஆண்டு வந்தது. அவ்வருடத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் நிலையங்களில் இரவு பகலாக வரிசை நின்றது. யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 470 ரூபாவாயிற்று. கராஜுக்கு வண்டிகள் வரவில்லை. வீட்டிலே அரிசிக்குக் கணக்குப் பார்க்கும் நாட்கள். அப்பொழுது பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் கொட்டிலை எட்டிப் பார்த்து விலை பேசினார். நாம் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலம் அது. "விற்க வேண்டாம் அப்பா, நாம் இரண்டு பேருமாகத் திருத்துவோம்" என்றோம்.

அவர் உடனே இசையவில்லை. பணம் ஒரு காரணம். அதனிலும் பெரிய காரணம் ஒன்று இருந்தது. "தம்பி, என்ரை கை கறுத்தது உன்ரை கை வெளுக்க வேணும் எண்டுதான். நீ திரும்பவும் இதுக்குள்ளை கையை வைக்கப்போறியோ?" என்று கேட்டார்.

சகோதரர்களே, இந்தக் கேள்வியை நன்றாகச் சிந்தித்துப் பாருங்கள். நம்முள் எத்தனை வீடுகளில் இக்கேள்வி வாய்விட்டோ வாய்விடாமலோ கேட்கப்பட்டிருக்கிறது! தேயிலைக் கொழுந்து பறித்த தாய் தன் மகள் கொழுந்துக்கூடை தூக்கக் கூடாது என்கிறாள். கடையில் மூடை சுமந்த தந்தை தன் மகன் மேசையில் இருந்து எழுத வேண்டும் என்கிறார். அது நியாயமான ஆசை. அந்த ஆசையின் பயனாகவே நாம் இன்று பல்கலைக்கழகத்தின் படி ஏறியிருக்கிறோம். ஆனால் அந்த ஆசைக்குள் ஒரு துயரமும் ஒளிந்திருக்கிறது. தாம் செய்த வேலை இழிந்தது என்று தாமே நம்பும்படி நம் பெற்றோரை உலகம் பழக்கிவிட்டது. பிள்ளைகளும் அதனை நம்பி, பெற்றோர் அறிந்ததைக் கேளாமலே வளர்ந்துவிடுகிறோம். பட்டம் வரும், ஆனால் தந்தை 40 ஆண்டுகளில் கற்ற வித்தை அவரோடு சுடலைக்குப் போய்விடும்.

தந்தையாரின் கேள்விக்கு நாம் கூறிய மறுமொழி இதுதான்: "கையைக் கழுவச் சவர்க்காரம் இருக்கிறது அப்பா. நீங்கள் அறிந்ததை அறிய வேறு வழி இல்லை." அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை கொட்டிலின் கதவு திறந்திருந்தது.

வேலை இரண்டரை ஆண்டுகள் நடந்தது. அதன் முறைகளை ஓரளவு விளக்குவது இதில் ஆர்வமுள்ள இளைஞர்க்குப் பயன்படும்.

கழற்றுவதே முதற் பாடம். எல்லாம் வேகமாகக் கழற்றலாம், பூட்டுவதுதான் கடினம். ஆகவே ஒவ்வொரு நட்டையும் கழற்றிய இடத்தின் பெயரெழுதிய பழைய பால்மாப் பேணிகளில் போட்டு வைத்தோம். ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் படம் பிடித்தோம். இவ்வண்டியின் நட்டுகள் அங்குல அளவானவை. மில்லிமீற்றர் ஸ்பனரை வைத்து இழுத்தால் மூலைகள் மழுங்கிவிடும். இறுகிய நட்டுகளுக்கு டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு, நாட்கணக்காகப் பொறுத்திருக்க வேண்டும். பலத்தினால் உடைவது பொறுமையினால் கழலும் என்பது தந்தையார் எமக்குக் கற்பித்த முதல் விதி.

கண்டியின் ஈரம் இரும்புக்குச் சத்துரு. நிலமட்டமும் கதவடிகளும் சல்லடையாயிருந்தன. எமது மிஷன் பாடசாலையிலே பழைய ஆடைக்குப் புதுத்துணி ஒட்டுப்போடுவதைப் பற்றிய உவமை ஒன்றைக் கேட்டிருக்கிறோம். புதுத்துணி சுருங்கும்போது பழையதையும் கிழித்துவிடும் என்பது அதன் கருத்து. தகட்டு வேலையிலும் அதுவே உண்மை. கறள் தின்று மெலிந்த தகட்டில் புதுத் தகட்டை வைத்து ஒட்டினால் ஒட்டின் ஓரம் உடையும். நல்ல இரும்பு வெளிப்படும் வரை வெட்டி, அதன் பின்னரே ஒட்ட வேண்டும். அந்த ஒட்டு வேலையைப் பேராதனைப் பக்கத்துச் சிங்கள பாஸ் ஒருவர் செய்து தந்தார். இருக்கைகளைத் தைத்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். பின்னாலே போடும் படங்கையும் அவரே தைத்தார். ஒரு வண்டிக்குள் கண்டி நகரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று அப்போது எண்ணிக்கொண்டோம்.

சிறு பாகங்களின் கறளை நீக்க நாம் பாடசாலை இரசாயனத்தைப் பயன்படுத்தினோம். ஒரு பிளாஸ்ரிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசல். கறள் பிடித்த பாகத்தைப் பற்றறி மின்னேற்றியின் எதிர்முனையிலும், ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் தொடுத்துவிட்டால், ஓரிரவில் கறள் கழன்று கறுஞ்சேறாகும். ஐதரசன் வாயு எழுவதால் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும். துருவேறா உருக்கை நேர்முனைக்குப் போட்டால் நச்சுப் பொருள் கரையுமாகையால் அதனைத் தவிர்க்க வேண்டும். தந்தையார் காலையில் அந்த வாளியைப் பார்த்து, "இதைப் பள்ளிக்கூடத்திலையோ படிப்பிச்சவை?" என்று வியந்தார். அன்றிலிருந்து அவர் எம்மை உதவியாளாக நடத்துவதை விட்டுக் கூட்டாளியாக நடத்தத் தொடங்கினார்.

வியப்பு எமக்கும் வந்தது. இயந்திரத்தைப் பூட்டிய பின் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. வால்வு முற்றாக மூடியிருக்கும்போதே அளக்க வேண்டும். எது எப்பொழுது மூடியிருக்கும் என்பதை எப்படி அறிவது? தந்தையார் சொன்னார்: "ஒன்பதைப் பார்." முன்னிருந்து பின்னாக எட்டு வால்வுகள். எட்டாவது முற்றாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அள. ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை அள. நான்காவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை. எப்பொழுதும் இரண்டும் கூட்டி ஒன்பது. இதனை அவருக்கு அவருடைய குருவான பாஸ் சொல்லிக் கொடுத்தாராம். காரணம் அவரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

அன்றிரவு நாம் தாளிலே படம் வரைந்து பார்த்தோம். முதலாம் நான்காம் ஆடுதண்டுகள் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. ஆனால் ஒன்றின் தொழில் மற்றதைவிட ஒரு முழுச் சுற்றுப் பிந்தியது. வால்வுகளை இயக்கும் தண்டு அதன் பாதி வேகத்தில் சுழல்வதால், அங்கே அது அரைச் சுற்று. ஆகவே நான்காம் சிலிண்டரின் வால்வு உச்சத்தில் திறந்திருக்கும்போது, முதலாம் சிலிண்டரின் அதே வகை வால்வின் மேடு நேர் எதிர்ப்புறம் நோக்கியிருக்கும். அஃது உறுதியாக மூடியிருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே சோடி. வால்வுகளின் வரிசை இருபுறமும் ஒத்திருப்பதால் கூட்டுத்தொகை ஒன்பதாகிறது. காலையில் இதனைத் தந்தையாருக்கு விளக்கினோம். அவர் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது வருசமாச் செய்யிறன். ஏன் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்" என்றார். அவரிடம் விடை இருந்தது, எம்மிடம் காரணம் இருந்தது. ஒரே கொட்டிலில் இரண்டும் சந்திக்க 19 ஆண்டுகள் சென்றிருந்தன.

பழமையைப் போற்றுவோர் பாதுகாப்பை மறத்தலாகாது. பிறேக்கே முதலிற் பார்க்க வேண்டியது. இவ்வண்டியில் பிறேக்கின் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில், நிலத்தின் கீழே ஒளிந்திருக்கிறது. 26 ஆண்டுகள் நின்றதால் உள்ளே இருந்த இறப்பர் யாவும் கட்டியாகியிருந்தன. அனைத்தையும் மாற்றினோம். அங்கே பிறேக்குக்குரிய எண்ணெயைத் தவிர வேறெதை ஊற்றினாலும் இறப்பர் ஊதிப் பழுதாகும். பழைய பிறேக் உறைகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஊதித் துடைக்காமல் ஈரத்துணியால் துடைத்தோம். இன்னும், இலங்கையில் 2002 முதல் ஈயம் கலந்த பெற்றோல் இல்லை. ஈயத்தின் காப்பை நம்பியிருந்த பழைய வால்வு இருப்பிடங்கள் ஈயமில்லாப் பெற்றோலில் தேய்ந்துபோகும். ஆகவே கடைசற்காரரிடம் கொடுத்து வலிய உருக்கு வளையங்கள் போடுவித்தோம். இருக்கைப் பட்டிகளும் பூட்டினோம். பாட்டனார் காலத்தில் அவை இல்லை. இக்காலத்தில் இல்லாமல் ஓட்டுதல் மடமை.

இயந்திரம் முதன்முறை உயிர்பெற்றது 2024 ஒக்ரோபரில், ஆயுத பூசைக்குச் சில நாட்கள் முந்தி. பூசையன்று ஸ்பனர்களைக் கழுவி அடுக்கிச் சந்தனம் வைத்தார் தந்தையார். ஆண்டுதோறும் செய்வதுதான். ஆனால் அவ்வாண்டு எம் கையிலிருந்த ஸ்பனரையும் வாங்கி அந்த வரிசையிலே வைத்தார். அதற்குமேல் நாம் அதைப்பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் ஆகிய யாவும் முடிந்து 2025இன் தொடக்கத்தில் வண்டி வீதிக்கு இறங்கிற்று. கட்டுக்கலைச் செல்வ விநாயகர் சந்நிதியில் எலுமிச்சம்பழத்தின்மேல் சில்லு ஏறிய பின், முதற் பயணமாக, தொழுவத்திலே வண்டியை மறைத்த அந்தச் சிங்களப் பெரியவரின் மகன் வீட்டுக்குச் சென்றோம். பெரியவர் இன்று இல்லை. அவர் மகன் வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சத்தம் அதே சத்தம்" என்றார்.

இனி, எதிர்வாதங்களையும் கேட்போம். முதலாவது, இது வீண் செலவு என்பர். செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது மாதாமாதம் சிறிது சிறிதாகச் சென்றது. பணமில்லாத மாதங்களில் கூலியில்லா வேலைகளைச் செய்தோம். கறள் சுரண்டப் பணம் வேண்டியதில்லை. மேலும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்ததை நாம் கண்டோம். இருப்பதைப் பேணத் தெரிந்த நாடு அத்தகைய காலத்தில் முடங்காது.

இரண்டாவது, பழைய வண்டி புகை கக்கும் என்பர். உண்மை, புதிய வண்டியைப்போல அது தூய்மையானதன்று. ஆகவேதான் அதனை நாள்தோறும் ஓட்டுவதில்லை. ஞாயிறுகளிலும் விழாக்களிலும் மாத்திரம் ஓட்டுகிறோம்.

மூன்றாவது, இது பழைய காலத்துக்கு ஏங்குதல் என்பர். இல்லை. மூன்று மணிக்கு எழுந்து மரக்கறி மூடை சுமக்கும் காலம் திரும்ப வேண்டுமென்று எம் வீட்டில் எவரும் ஆசைப்படவில்லை. 1983 திரும்ப வேண்டுமென்றும் ஆசைப்படவில்லை. திரும்ப வேண்டியது காலமன்று. அக்காலத்தைக் கடந்துவந்தவரின் திறமை நமக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவே. ஹந்தானையில் 1925ஆம் ஆண்டின் தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் அரும்பொருட்சாலையாக இருக்கிறது. அங்கே பழைய இயந்திரங்களைப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள்; நல்லது. ஆனால் அவற்றை இயக்கிய கைகளுக்கு அரும்பொருட்சாலை இல்லை. அவற்றுக்குப் பிள்ளைகள்தான் அரும்பொருட்சாலை.

இந்த இரண்டரை ஆண்டுகளில் எமக்குக் கிடைத்த பெரும் பேறு வண்டியன்று. தந்தையாரும் நாமும் ஒரே வீட்டிலிருந்தும் அதற்குமுன் பேசியது சொற்பம்: சாப்பிட்டாயா, பரீட்சை எப்படி, பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா? நேருக்கு நேர் இருந்து பேசக் கூசும் மனிதர்கள் ஒரே இயந்திரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு பேசும்போது தாராளமாகப் பேசுகிறார்கள். 1983இல் தமது புத்தகங்களைக் கட்டிப் பரணில் வைத்ததைத் தந்தையார் எமக்குச் சொன்னது ஒரு சில்லைக் கழற்றும்போதுதான். கணிதத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தவர் அவர் என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது. ஒன்பதின் காரணத்தை வரைந்த அத்தாளை அவர் ஏன் அத்தனை நேரம் பார்த்தார் என்பதும் அன்றுதான் விளங்கிற்று.

ஆகவே, அன்பர்களே, எமது வேண்டுகோள் இரண்டு. ஒன்று, சங்கத்துக்கு. மாதம் ஒரு சனிக்கிழமை, நம் பெரியோருள் ஒருவர் தாம் அறிந்த கைத்தொழிலை இளைஞர்க்குக் காட்டித் தரும் வகுப்பு ஒன்றைத் தொடங்கலாம். தையல், தச்சு, நகை வேலை, மின் வேலை, மோட்டார் வேலை ஆகிய யாவும் நம் உறுப்பினர் வீடுகளிலேயே இருக்கின்றன. மோட்டார் வேலைக்கு ஆசிரியர் ஒருவர் ஆயத்தமாயிருக்கிறார், வண்டியும் இருக்கிறது. மற்றொன்று, இளைஞர்க்கு. உங்கள் வீட்டிலே பிக்கப் வண்டி இல்லாதிருக்கலாம். தாயின் தையல் இயந்திரம், பாட்டியின் ஆட்டுக்கல், தந்தையின் தராசு என ஏதேனும் ஒன்று ஒரு மூலையில் நின்றுபோயிருக்கும். அதனை வெளியே எடுத்து, இது எப்படி வேலை செய்தது என்று அவர்களிடம் கேளுங்கள். சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். எம் தந்தையாருக்கு வயது 59. தோள்மூட்டில் வலி தொடங்கிவிட்டது. பாரமான ஸ்பனரை இப்பொழுது நாமே பிடிக்கிறோம். எந்தப் பக்கம் திருப்புவது என்று அவர் சொல்கிறார்.